ஆயில் லைனுக்குப் போட்ட கட்டு

ஸ்டெல்லா, அருள்,

சென்ற வாரம் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு இருவரும் போன் செய்தீர்கள். "கல்யாணத்தன்னைக்கு மழை பெஞ்சதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கீங்க. அம்மா என்ன சேலை கட்டியிருந்துச்சுன்னு ஒரு வரி இல்லையேப்பா" என்று ஸ்டெல்லா சண்டைக்கு வந்தாள். உண்மையைச் சொன்னால் சேலையின் நிறம் எனக்கு நினைவில்லை. கண்ணில் பட்டதை மறந்துவிடுகிறேன். காதில் விழுந்தது அப்படியே தங்கிவிடுகிறது. இஞ்சின் சத்தத்தைக் கேட்டே பிழைத்தவனுக்கு அப்படித்தான் போலிருக்கிறது.

ஆகவே இந்த வாரம் ஒரு சத்தத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்திய பிறகு, பின்னால் கேன்களுக்குள் பால் முன்னும் பின்னுமாகத் தளும்பித் தளும்பி, மெல்ல அடங்குகிற சத்தம் அது.

சிவப்பு விளக்கு

ஆடி மாதம். மலையிலிருந்து காற்று இறங்கி, சாலையோரத்துப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு கிழக்கே போகிற காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டம் நெருங்கியிருந்தது. தேர் பார்க்க வருகிறவர்கள் பால்கோவா வாங்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். அதனால் கோவா போடுகிற பட்டறைகளில் அடுப்பு அணைவதே இல்லை. பால் எம்புட்டு வந்தாலும் இறக்கிக்கொள்வார்கள்.

அப்போது நமக்கு இருந்தது அந்த வெள்ளை பிக்கப் வண்டி ஒன்றுதான். விடியுமுன் தேவதானம் போய், வீடு வீடாகக் கறந்த பாலைக் கேன்களில் வாங்கிக்கொண்டு, சேத்தூர் வழியாக ராஜபாளையம் வந்து, அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பட்டறையில் இறக்குவேன். சாப்பாடு, உங்கள் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் அந்தச் சக்கரங்களின் மேல்தான் ஓடின.

அன்று உங்கள் அம்மாவும் வண்டியில் இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் சின்னம்மாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்க்கப் போகவேண்டும் என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டாள். உங்கள் இருவரையும் பள்ளிக்கூடம் அனுப்புகிற பொறுப்பைப் பக்கத்து வீட்டு ரங்கம்மா அக்கா வாங்கிக்கொண்டாள்.

ராஜபாளையம் எல்லை தாண்டிக் கண்மாய்க்கரை வளைவில் திரும்பி, கொஞ்சதூரம் போயிருப்போம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் கிண்ணம் போல ஒரு படம் போட்டிருக்குமே, அந்த விளக்கு.

சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தேன். வண்டி வந்த வேகத்திலேயே உருண்டு ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. அப்போதுதான் அந்தத் தளும்பல் சத்தம் கேட்டது.

"என்னங்க, டீசல் இல்லையா?" என்றாள் அம்மா.

"டீசல் இருக்கு. ஆயில் விளக்கு எரியுது."

எண்ணெய் இல்லாமல் இஞ்சின் ஓடினால் உள்ளே இரும்பும் இரும்பும் ஒன்றையொன்று தின்றுவிடும். அப்புறம் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பின்னால் தேவதானத்துப் பால் அத்தனையும் இருந்தது. வெயில் ஏறினால் திரிந்துவிடும். பட்டறையோ அதிக தூரம் இல்லை. மெதுவாக உருட்டிக்கொண்டே போய்விட்டால் என்ன?

என் கை மறுபடியும் சாவிக்குப் போனது.

"நிப்பாட்டியாச்சுல்ல? பொறவு எதுக்குக் கை அங்க போவுது?" என்றாள் அம்மா. கையை எடுத்துவிட்டேன்.

எண்ணெய் காற்று வாங்கும் வழி

வண்டி ஓட்டத் தெரியாத வாசகர்களும் இதைப் படிப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டியின் முகத்தில், ரேடியேட்டருக்கு முன்னால், சின்ன ஜன்னல் போல ஒன்று இருக்கும். அது ஆயில் கூலர். இஞ்சினுக்குள் வெந்து வருகிற எண்ணெய் ஒரு லைன் வழியாக அங்கே போகும். எதிர்க்காற்றில் ஆறும். இன்னொரு லைன் வழியாக இஞ்சினுக்குத் திரும்பும். அம்மா காப்பியை டம்ளரிலிருந்து டம்ளருக்கு மாற்றி ஆற்றுவாள் இல்லையா, அது மாதிரிதான்.

அந்த லைன் பாதி இரும்புக் குழாய், பாதி ரப்பர் ஹோஸ். இரண்டும் சேருகிற இடத்தில் ஓர் இரும்பு வளையத்தை மெஷினால் நெரித்து இறுக்கியிருப்பார்கள். லைனுக்கு வயதானால் முதலில் பிடி விடுவது அந்த இடத்தில்தான்.

நம் வண்டியில் அங்கேதான் கசியத் தொடங்கியிருந்தது. முதலில் வாசலில் ஒரு சொட்டு. பிறகு ஒரு ரூபாய் அகலத்துக்கு. பிறகு தோசை அகலத்துக்கு.

வாசலுக்கு அப்போதுதான் புதிதாக சிமெண்ட் பூசியிருந்தோம். "காலையில எந்திரிச்சதும் சோப்புத்தூள் போட்டுத் தேய்க்கதே எனக்குப் பொழப்பா? ஒங்க வண்டிக்கு ஒண்ணுக்குப் போக வேற இடமே கெடைக்கலையா?" என்று உங்கள் அம்மா தினமும் திட்டுவாள். அருள், நீ அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாய்.

மெக்கானிக் வெங்கு அண்ணாச்சி பார்த்துவிட்டு, "லைனையே மாத்தணும். தேரோட்டம் முடியட்டும், வண்டியை ஒரு நாள் விடு" என்றார். அதுவரை காலையில் எண்ணெய் அளவு காட்டுகிற கம்பியான டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்து, குறைந்ததை ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வீடு முழுக்கக் கட்டு

இங்கே உங்கள் அம்மாவின் கைவேலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது.

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவள் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தாள். நம் பக்கத்தில் தறி ஓடாத தெரு குறைவு. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற கட்டுத்துணி இங்கே நெய்து, வெளுத்து, சுருட்டி, அட்டைப்பெட்டியில் போகிறது. வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அடுப்படித் துணி, தலையணைப் பஞ்சுக்கு உறை, குழந்தைக்குத் தூளி விரிப்பு, எல்லாம் அதுதான்.

உங்கள் அம்மா இன்னும் ஒருபடி மேலே போனாள். எது உடைந்தாலும் கட்டுப் போடுவாள். கட்டில் கால், விளக்குமாற்றுப் பிடி, அருளின் கிரிக்கெட் மட்டை, குழாயடிக் குழாய், எல்லாமே நம் வீட்டில் அடிபட்ட சிப்பாய்களாக நின்றன. ஒரு காற்றுக்கு முருங்கைக் கிளை பாதி ஒடிந்து தொங்கியது. களிமண்ணை அப்பி, கட்டுத்துணியைச் சுற்றி, குச்சி வைத்துக் கட்டினாள். அது பிழைத்துத் துளிர்த்தும் விட்டது. அதிலிருந்து தன் கட்டின்மேல் அவளுக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

ரங்கம்மா அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவைக் கேட்பாள்: "ஏமி லூர்து, அப்பிடியே எங்க வீட்டுக்காரர் வாய்க்கும் ஒரு கட்டுப் போட்டுத் தாயேன்!"

ஒரு நாள் காலையில் நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள், அம்மா வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்தாள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கசிகிற இடத்தில் பசையைத் தடவி, அதன்மேல் கட்டுத்துணியை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, நுனியை நர்ஸ் மாதிரி உள்ளே செருகியிருந்தாள்.

"இனிமே வாசல்ல ஒரு சொட்டு விழுந்தா என்னைக் கேளுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் வாசல் சுத்தமாக இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே.

எங்களைப் போல வண்டி ஓட்டுகிறவர்கள் காலையில் முதலில் பார்ப்பது வண்டி நின்ற தரையைத்தான். தரை காய்ந்திருந்தால் வண்டிக்கு நோய் இல்லை என்று கிளம்பிவிடுவோம். சிமெண்ட் வெள்ளையாகச் சிரித்தது. டிப் ஸ்டிக்கை யார் உருவிப் பார்ப்பார்கள்?

கட்டின் உள்ளே

வேப்பமரத்தடியில் குனிந்து பார்த்தேன். அம்மாவும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் குனிந்தாள்.

அந்தக் கட்டு கருத்துப் பருத்து, எண்ணெய்ப் பணியாரம் போலத் தொங்கியது. விரலால் அமுக்கினேன். சூடான எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. உள்ளே ஹோஸ் வளையத்திலிருந்து முழுதாக நழுவி வெளியே வந்திருந்தது.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. கசிவு ஒரு நாளும் நிற்கவில்லை. வண்டி நிற்கும்போது கசிந்ததைத் துணி குடித்துக்கொண்டது. ஓடும்போது துணியிலிருந்து மேலே இருந்த இரும்புச் சட்டத்துக்கு ஏறி, அதன் வழியே பின்னால் ஊர்ந்து, சாலையெல்லாம் சொட்டியிருக்கிறது. காயத்தின் ஈரத்தை வெளியே காட்டாமல் உறிஞ்சத்தானே அந்தத் துணியை நெய்கிறார்கள்? அது தன் வேலையைச் சரியாகச் செய்தது.

அம்மா கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது நான் கட்டுன கட்டுதானே?"

"ஆமா. நல்லாத்தான் கட்டியிருக்க."

"நக்கலா பண்ணுதீக?"

"இல்லட்டி. வாசல்ல ஒரு சொட்டு விட்டிருக்கா பாரு. அம்புட்டுக் கெட்டியா கட்டியிருக்க. அதான் நமக்கும் தெரியல."

அவள் எழுந்து வண்டியின் பின்பக்கம் போனாள். கேன்களின் மேல் போட்டிருந்த ஈரச்சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் அது பாதி காய்ந்திருந்தது. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை அதன்மேல் தெளித்தாள்.

"மொதல்ல பாலைப் பாப்போம். கருப்பசாமி அண்ணனுக்கு போனைப் போடுங்க."

"அவனுக்கா?"

"பொறவு யாருக்கு?"

கான்சாபுரத்தான்

கருப்பசாமி கான்சாபுரத்திலிருந்து அதே பட்டறைக்குப் பால் ஏற்றி வருகிறவன். என் பாலில் தண்ணீர் என்று அவன் சொல்வான். அவன் பாலில் பாலே இல்லை என்று நான் சொல்வேன். பட்டறை வாசலில் யார் வண்டி முன்னால் நிற்பது என்பதில் தினமும் ஒரு சின்னச் சண்டை உண்டு. தேவதானத்தில் பால் எடுக்கிற லைனின்மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அவனிடம் போய் உதவி கேட்பது, கோழியைப் பிடித்துத்தர நரியைக் கூப்பிடுவது போல எனக்குப் பட்டது.

நான் தயங்குவதைப் பார்த்து அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணே, லூர்து பேசுதேன். வண்டி நின்னுபோச்சுண்ணே. பாலு பூராம் ரோட்டுல நிக்கி. ஆமா... கண்மாய் தாண்டி வேப்பமரம். செத்த வாங்கண்ணே."

அவன் தன் பாலை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு இருந்தான். சீக்கிரமே வந்துவிட்டான். இறங்கும்போதே வாய் திறந்திருந்தது.

"என்ன அண்ணாச்சி, தேவதானத்துப் பாலு நடுரோட்டுல காத்து வாங்குது?"

"கிண்டல் பொறவு பண்ணு. கேனைத் தூக்கு."

"தூக்குதேன், தூக்குதேன். தண்ணி ஜாஸ்தியா இருந்தா கனக்குமே, இடுப்பு தாங்குமான்னு யோசிக்கேன்."

கேன்களை இருவரும் அவன் வண்டிக்கு மாற்றினோம். அம்மா ஈரச்சாக்கை எடுத்துப்போய் அவன் வண்டியிலும் போர்த்தினாள். கடைசிக் கேனை ஏற்றியபின் அவன் என் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"எம்புட்டு தூரம் இப்பிடி ஓட்டுனீரு?"

"தெரியல. விளக்கு எரிஞ்சதும் அணைச்சிட்டேன்."

"இந்தா பாரும், நேராச் சொல்லிப்புடுதேன். இன்னைக்குப் பாலை உம்ம பேருல எறக்குதேன். வண்டி எந்திரிச்சா லைன் உம்மது. எந்திரிக்கலைன்னா நாளைக்கு விடியக்காலம் நான் தேவதானம் போயிருவேன். பொறவு வருத்தப்படக்கூடாது. நான் போகலைன்னா வேற எவனாவது போவான்."

அதில் தப்பு ஒன்றும் இல்லை. மாடு நமக்காகக் காத்திருக்காது. ஆனாலும் அவன் வண்டி என் பாலோடு கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இஞ்சின் பிழைத்திருக்கிறதா இல்லையா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அதை ஓட்டிப் பார்ப்பது. ஓட்டிப் பார்க்கவும் முடியாது. லைன் வந்து, எண்ணெய் ஊற்றும்வரை பொறுக்கவேண்டும்.

இரண்டு ஸ்பானர்

போன் செய்ததும் வெங்கு அண்ணாச்சி மொபட்டில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டுதான் எந்த வேலைக்கும் வருவார். சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் பட்டுவிட்டால் அன்று முழுவதும் அதையே பேசிக்கொண்டிருப்பார்.

குனிந்து பார்த்தார். கட்டைத் தொட்டார். விரலை முகர்ந்தார்.

"யாரு டாக்டரு?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள் அம்மா.

"கட்டு நல்ல கட்டும்மா. நோயாளிதான் சரியில்ல."

அம்மாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

கட்டை அறுத்து எறிந்துவிட்டு வேலையைத் தொடங்கினார். லைன் கூலரில் சேருகிற கழுத்து அலுமினியம். நட்டைத் திருகும்போது கழுத்தும் சேர்ந்து திரும்பினால் ஒடிந்துவிடும், கூலரே போய்விடும். அதனால் ஒரு ஸ்பானர் கழுத்தை அசையாமல் பிடிக்கவேண்டும். இன்னொரு ஸ்பானர் நட்டைத் திருகவேண்டும். ஆனால் கிரில்லுக்குப் பின்னால் அந்தச் சந்தில் அவர் கை நுழையவில்லை. என் கையும் நுழையவில்லை.

"தள்ளுங்க" என்றாள் அம்மா. வளையலைக் கழற்றி வாழைப்பழச் சீப்பில் மாட்டிவிட்டு, கையை உள்ளே விட்டு ஸ்பானரைப் பிடித்துக்கொண்டாள்.

"அசையக்கூடாதும்மா."

"நான் அசையல. நீங்க நடுங்காம திருகுங்க."

கசிந்த மேல் லைன் கழன்று வந்தது. அண்ணாச்சி அதைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "இதை ஹோஸ் கடையில குடுத்து, புது ரப்பர் போட்டு நெரிச்சு வாங்கியாரேன்."

"இன்னொண்ணு?" என்றாள் அம்மா.

"அது காஞ்சுதானம்மா இருக்கு. நல்லா இருக்கதை எதுக்குக் கழத்தணும்?"

"ரெண்டும் ஒரே நாள் மாட்டுனதுதானே?"

"அதுக்காக?"

தங்கள் கம்பெனியில் இழுத்தால் நீளுகிற பேண்டேஜ் போடும்போது பார்வைக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும், இழுத்துப் பார்த்தால்தான் நைந்தது தெரியும் என்று அவள் எப்போதும் சொல்வாள். கீழே குனிந்து, இரண்டாவது லைனின் ரப்பரைப் பிடித்து வில்லாக வளைத்தாள். வெளியே கறுப்பாக மினுங்கிய ரப்பர், வளைவில் வெயில் கண்ட கண்மாய் மாதிரி வெடிப்பு வெடிப்பாகப் பிளந்தது.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "சரி. பிடி ஸ்பானரை."

வாழைப்பழத் தோல்

அவர் இரண்டு லைன்களையும் எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போனார். டிராக்டருக்கும் மண் அள்ளுகிற வண்டிக்கும் ஹோஸ் நெரித்துக் கொடுக்கிற கடை அங்கே உண்டு. அவர் வரும்வரை எங்களுக்கு வேலை இல்லை.

மரத்தடியில் உட்கார்ந்தோம். வேப்பம்பழம் உதிர்ந்து கிடந்தது. மிதித்தால் கசப்பும் இனிப்புமாக ஒரு வாடை. காற்று நிற்காமல் அடித்தது. இருவர் கையும் கறுப்பு. கழுவத் தண்ணீர் இல்லை. இருந்ததைச் சாக்கு குடித்துவிட்டது. சின்னம்மா வீட்டுக்கு வாங்கிய பழத்தில் ஆளுக்கொன்று பிய்த்து, தோலோடு பிடித்துக்கொண்டு, கை படாமல் வாயால் கடித்துத் தின்றோம்.

"இஞ்சின் போயிருந்தா என்ன செய்வீக?" என்று கேட்டாள்.

"மில்லுக்குப் போவேன். இல்லைன்னா வேற ஆள் வண்டியில டிரைவராப் போவேன்."

"நான் கட்டாம இருந்திருந்தா வாசல்ல ஒழுகியிருக்கும். நீங்க பாத்திருப்பீக."

அவள் சொன்னது சரிதான். ஆனால் அது அப்படியே முழு உண்மையும் இல்லை. வாசல் சுத்தமானதில் எனக்கும் நிம்மதிதான். தினமும் காலையில் திட்டு நின்றது. லைன் மாற்ற வண்டியை ஒரு நாள் நிறுத்தவேண்டாம். நோய் போய்விட்டது என்று நம்புவதில் எத்தனை சுகம் இருக்கிறது! அவள் கட்டியதைவிட நான் நம்பியது கெட்டி.

இதையெல்லாம் அன்று அவளிடம் இப்படிச் சொல்லத் தெரியவில்லை. "இன்னொரு பழம் பிய்யி" என்றேன். பிய்த்துத் தந்தாள். அதைத் தின்றுகொண்டே, சின்னம்மாவின் குழந்தை யார் ஜாடையில் இருக்கும் என்பது போன்ற பேச்சுக்குப் போய்விட்டோம். கவலை முழுதாக இருக்கும்போதும் மனிதர்கள் இப்படித்தான் எதையாவது பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

டொக் டொக்

அண்ணாச்சி புது லைன்களோடு வந்தார். ரப்பர் வாசனை மாறாத லைன்கள். முனைகளுக்குப் புதுச் செம்பு வாஷர். பழைய லைன் சட்டத்தில் உரசிய இடத்தில் ஒரு ரப்பர் துண்டை வைத்து கிளிப் போட்டார். அம்மா மறுபடியும் ஸ்பானர் பிடித்தாள். புது எண்ணெய் தேன் நிறத்தில் இறங்கியது. டிப் ஸ்டிக்கை நான் உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவிப் பார்த்தேன். மேல்கோட்டுக்கு வந்திருந்தது.

"உடனே ஸ்டார்ட் பண்ணக்கூடாது" என்றார் அண்ணாச்சி. டீசல் போகாதபடி பம்பில் ஒரு வயரைக் கழற்றினார். "இப்ப செல்ஃப் மட்டும் அடி. லைன்ல எண்ணெய் நெறையட்டும்."

சாவியைத் திருப்பினேன். இஞ்சின் பற்றாமல் முக்கி முக்கிச் சுற்றியது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நிறுத்தினேன். மறுபடி அடித்தேன். விளக்கு எரிந்தது. மூன்றாவது தடவை அடித்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்தது.

"ஆண்டவரே" என்றாள் அம்மா.

"இன்னும் இருக்கும்மா. விளக்கு அணைஞ்சா எண்ணெய் வந்திருக்குன்னு அர்த்தம். உள்ள தேஞ்சிருக்கா இல்லையான்னு சத்தம்தான் சொல்லும்." வயரை மாட்டினார். "இப்ப போடு."

இஞ்சின் உடனே பிடித்தது. பழைய சத்தம், எனக்குத் தெரிந்த சத்தம். நான் மூச்சு விடப்போகிற நேரத்தில் முன்பக்கத்திலிருந்து வந்தது.

டொக். டொக். டொக்.

அண்ணாச்சியின் முகம் செத்துப்போனது. அந்தச் சத்தம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பேரிங் போனால் அப்படித்தான் தட்டும். அணைத்துவிடச் சொல்லிக் கையைக் காட்டினார். எனக்குக் கை வரவில்லை. நாளை விடியற்காலம் கருப்பசாமியின் வண்டி தேவதானம் தெருவில் ஹாரன் அடிப்பது எனக்கு அப்போதே கேட்டுவிட்டது.

அம்மா மட்டும் கிரில்லுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கையை உள்ளே விட்டாள்.

சத்தம் நின்றது.

கை வெளியே வந்தது. கையில் ஸ்பானர்.

"கழுத்துலேயே மாட்டிவெச்சிட்டு வந்துட்டேன்" என்றாள். "அதுதான் கிரில்லுல இடிச்சிருக்கு."

அண்ணாச்சி சாலையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இஸ்திரி சட்டையைப் பற்றிய நினைப்பே அவருக்கு இல்லை. "தாயி, ஒரு நிமிசத்துல என்னையும் சேத்துக் கொல்லப் பாத்தியே!" என்றார். பிறகு மூவரும் சிரித்தோம். எதிரே போன மாட்டுவண்டிக்காரர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இஞ்சினை நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துத் தடவிப் பார்த்தோம். விரல் காய்ந்தே வந்தது.

கருப்பசாமிக்கு நானே போன் செய்தேன். "எந்திரிச்சிருச்சு."

"சே!" என்றான். கொஞ்சம் பொறுத்து, "சரி, கேன் காலியாக் கெடக்கு. வந்து எடுத்துட்டுப் போம். பட்டறைக்காரம்மா பால் திக்கா இருந்துச்சுன்னு சொன்னாக. நம்ப முடியல" என்றான்.

திரும்பும் வழி

அம்மாவைச் சின்னம்மா வீட்டில் விட்டேன். சீப்பில் பாதிப் பழம்தான் மிச்சம் இருந்தது. பட்டறைக்குப் போய்க் கேன்களை ஏற்றிக்கொண்டு மாலையில் தனியாகத் திரும்பினேன்.

வேப்பமரத்தைத் தாண்டியபோதுதான் சாலையைப் பார்த்தேன். நான் காலையில் வந்த பக்கத்தில், தார் மேல், கறுப்பாக ஒரு கோடு. அதையே பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டினேன். கண்மாய்க்கரை வளைவில் அது அகலமாகி, ஒரு பாயை விரித்தது போலக் கிடந்தது. ஹோஸ் நழுவிய இடம் அதுதான். என் இஞ்சின் பிழைத்துவிட்டது. அதிலிருந்து போனது இங்கே கிடக்கிறது என்று தோன்றியது.

மொபட்டில் வந்த ஒரு பெண்ணுக்கு அந்த இடத்தில் பின்சக்கரம் லேசாகச் சறுக்கியது. காலை ஊன்றிச் சமாளித்துக்கொண்டு போனாள். எதனால் சறுக்கியது என்று அவளுக்குத் தெரியாது.

வண்டியை ஓரம் நிறுத்தி, நான்கு மூலை விளக்கையும் போட்டுவிட்டு இறங்கினேன். வண்டிக்குள் காலுக்கடியில் கிடந்த ரப்பர் விரிப்பை உருவி எடுத்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினேன். தண்ணீர் வற்றிய இடத்தில் மண் பொடியாக இருந்தது. விரிப்பில் கையால் வாரி, இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையேறி, எண்ணெய்மேல் கொட்டினேன். மண் உடனே கறுத்தது. மறுபடியும் இறங்கினேன். கறுப்பு மேலே தெரியாமல் போகும்வரை கொட்டி, செருப்புக் காலால் மிதித்து மிதித்துப் பரப்பினேன்.

அதற்குள் பக்கத்து மில்லில் ஷிப்ட் விட்டுவிட்டது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வண்டிகளில் வளைவைத் திரும்பி வந்தார்கள். மண் ஒட்டிய கையோடு ஓரமாக ஒதுங்கி நின்றேன். கடைசி வண்டி அந்த இடத்தைத் தாண்டிப் போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன்.